செம்பாசூச்சில் தேடிக் கௌதள்ளிக்கு

லூப்பே அந்தச் சொல்லை வெள்ளைப் பலகையில் எழுதியபோது ஏதோ மருந்தின் பெயர் என்றுதான் நினைத்தேன். செம்பாசூச்சில். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். ஸ்பானிஷ் சொற்கள் வழக்கமாக என் நாக்கில் இடறும், இது இடறவில்லை.

"இது கிடைக்காவிட்டால் என் அப்பா வரமாட்டார்" என்றாள்.

அவளுடைய அப்பா அந்த வருடம் மார்ச் மாதம் இறந்துபோயிருந்தார்.

லூப்பே மெக்சிகோக்காரி. யோகா கற்றுக்கொள்ள மைசூர் வந்து இரண்டு வருடம் ஆகிறது. அக்ரஹாரத்தில் சாவித்திரம்மா வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். அதே வீட்டின் பின்பக்க அறையில் நான். வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் புகார்களுக்குப் பதில் சொல்லும் கம்பெனியில் எனக்கு வேலை. ஸ்பானிஷ் தெரிந்தால் அடுத்த பிரிவுக்கு மாற்றுவார்கள். அவள் எனக்கு ஸ்பானிஷ் சொல்லித் தருகிறாள், நான் அவளுக்கு மார்க்கெட்டில் பேரம் பேசும் அளவுக்குக் கன்னடம் சொல்லித் தருகிறேன். நான் தமிழ் வீட்டுப் பையன், கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனதே நான்தான் முதல் என்பதால் எந்தப் புதுச் சொல்லைக் கண்டாலும் அதன் ஊர், பேர், வயசு எல்லாம் விசாரிக்காமல் விடமாட்டேன். அது ஒரு வியாதி மாதிரி.

அவள் ஊரில் நவம்பர் தொடக்கத்தில் இரண்டு நாள், செத்துப்போனவர்கள் வீட்டுக்கு வருவார்களாம். படம் வைத்து, விளக்கேற்றி, அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து வைத்துக் காத்திருப்பார்கள். அப்பா இறந்த சேதி வந்தபோது விமானம் ஏறினாலும் அடக்கத்துக்குப் போய்ச் சேர முடியாது என்று ஆகிவிட்டது. அவள் போகவில்லை. இது முதல் வருடம்.

"அங்கே அண்ணன்கள் வீட்டில் எல்லாம் செய்வார்கள். அந்த வீட்டுக்கு அவருக்கு வழி தெரியும். நான் இருக்கும் இடம்தான் தெரியாது. எங்கள் ஊரைத் தாண்டி அவர் எங்கேயும் போனதில்லை. இந்தப் பூவின் வாசனையைப் பிடித்துத்தான் வரவேண்டும்."

போனில் படத்தைக் காட்டினாள். நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாதுதான். ஆனால் அந்தப் படத்தில் இருந்தது செண்டுமல்லி. எங்கள் அப்பா கௌதள்ளியில் அரை ஏக்கரில் போட்டிருக்கும் அதே செண்டுமல்லி.

முதல் நாள் பெரிய மார்க்கெட்டுக்குப் போனோம். பூக்கடை வரிசையில் மஞ்சளும் ஆரஞ்சுமாக மலை மலையாகக் குவிந்து கிடந்தது. லூப்பே முகம் மலர்ந்து, உடனே வாடியும் விட்டது. எல்லாம் வெறும் தலைகள். காம்பு இல்லை, இலை இல்லை. கட்டியதை மாருக் கணக்கில் விற்கிறார்கள். இரண்டு கையையும் விரித்தால் ஒரு மாரு.

"காம்போட வேணும், இலையோட" என்றேன்.

கடைக்காரர் கையை விரித்த நிலையிலேயே என்னைப் பார்த்தார். "என்ன குரு, ஆட்டுக்கா?"

"இல்லண்ணா, வீட்டுல வைக்க."

"இலையோட யாராச்சும் சாமிக்கு வைப்பாங்களா? இந்த மேடத்துக்குச் சொல்லு, மல்லி எடுத்துக்கச் சொல்லு. மைசூர் மல்லி. ஊருக்கே கொண்டுபோலாம், வாசனை போகாது."

பூவைவிட இலையில்தான் வாசனை, அதனால் செடியாகத்தான் வேண்டும் என்றாள் லூப்பே. கடைக்காரர் பக்கத்துக் கடைக்காரரிடம் கன்னடத்தில், "பூக்கடைக்கு வந்து சொப்பு கேக்குறாங்க பாரு" என்றார். சொப்பு என்றால் கீரை. லூப்பேக்கு அந்தக் கன்னடம் புரிந்துவிட்டது. அவளே கன்னடத்தில், "ஆமாம் அண்ணா, கீரைதான் வேணும், ஒரு கட்டு எவ்வளவு?" என்று கேட்க, வரிசையே சிரித்தது. ஆனாலும் செடி கிடைக்கவில்லை.

வெளியே வந்து அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"செண்டா? தீவாளியோட வெல செத்துப்போச்சு கண்ணு. நாளானைக்கு டிராக்டர் வருது. ஓட்டிப்போட்டுக் கொள்ளு வெதைக்கலாம்னு இருக்கறேன்."

"நாளைக்கு நாங்க வர்றோம்ப்பா. அதுவரைக்கும் தொடாதீங்க."

"நாங்கன்னா?"

"ஒரு ஒறம்பர வருது" என்றேன். விருந்தாளிக்கு எங்கள் ஊரில் அதுதான் பேச்சு.

மறுநாள் காலையில் மாதேஸ்வரன் மலை பஸ்ஸில் ஏறினோம். சாமி கும்பிடப் போகிற கூட்டம். லூப்பேக்கு ஜன்னலோர இடம், எனக்கு ஒரு பெண்மணியின் கோழிக்கூடைக்கும் கம்பிக்கும் நடுவில் அரை இடம். கொள்ளேகாலத்தில் பத்து நிமிஷம் நின்றது. இறங்கி இட்லி சாப்பிட்டோம். சட்னியில் இருந்த பச்சை மிளகாயை லூப்பே தனியாக எடுத்துக் கடித்தாள். பரிமாறியவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். "மிளகாய் எங்கள் ஊரிலிருந்து உங்களுக்கு வந்தது, இப்போது எனக்கே தண்ணீர் தருகிறார்" என்றாள்.

பஸ் கிளம்பியதும் நான் என் விசாரணையைத் தொடங்கினேன். செம்பாசூச்சில் எங்கிருந்து வந்தது?

ஸ்பானிஷில் புழங்கினாலும் அது ஸ்பானிஷ் இல்லை என்றாள். அவளுடைய நாட்டின் பழைய மொழியான நாவாட்லில், முதல் பாதிக்கு இருபது என்று அர்த்தம், மறுபாதிக்குப் பூ. இருபதுபூ. அந்த மக்கள் இருபது இருபதாகத்தான் எண்ணுவார்களாம். கைவிரலும் கால்விரலும் தீர்ந்தால் ஒரு முழு எண்ணிக்கை. எண்ணி மாளாத இதழ் என்பதற்கு அவர்கள் இருபது என்றார்கள். நாம் ஆயிரங்கால் மண்டபம் என்கிறோமே, தூணையா எண்ணிப் பார்த்தோம்? அந்த மாதிரி.

எனக்குத் தெரிந்ததையும் நான் சொன்னேன். முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் போனில் தேடிப் படித்து வைத்திருந்தேன். ஆங்கிலத்தில் இதை ஆப்பிரிக்கச் செவ்வந்தி என்கிற அர்த்தத்தில் சொல்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு இது இந்திய ரோஜா. ஸ்பெயினில் ஒரு பக்கம் இந்தியப் பூ, இன்னொரு பக்கம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மூர்களின் பூ. நம் ஊர்களில் பலர் துலுக்கச் சாமந்தி என்கிறார்கள். ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டைக் கை காட்டுகிறார்கள். கன்னடத்தில் மட்டும் செண்டு ஹூவு, பந்துப் பூ. பார்த்ததைச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஜெர்மன்காரர்கள் ஏன் மாணவர் பூ என்கிறார்கள் என்பது எனக்குப் பிடிபடவில்லை.

லூப்பே வெளியே பார்த்தபடி சொன்னாள்: "எங்கள் ஊரில் மட்டும் அதை எங்கிருந்து வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. உட்கார்ந்து இதழை எண்ணினார்கள்."

மைசூரில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, எந்த ஊர். எல்லையோரத்து ஹனூர் பக்கம் என்றால், ஓ, தமிழா என்பார்கள். தமிழ்நாட்டுக்குப் போனால், ஓ, கன்னடமா என்பார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனாலும் உட்கார்ந்து இதழை எண்ணுகிறவர்கள் குறைவு.

ஹனூர் தாண்டியதும் பஸ் டயர் வெடித்தது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, ஸ்டெப்னியும் பஞ்சர் என்றார். சாமி பெயரைச் சொல்லிச் சிலர் நடக்கத் தொடங்கினார்கள். மக்காச்சோளக் கதிர் ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்தது. ஓட்டி வந்தவர் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர். டிரெய்லரில் கதிர்மேல் ஏறி உட்கார்ந்தோம்.

"அம்மிணிக்கு எந்தூருங்க?" என்று திரும்பிக் கேட்டார்.

"மெக்சிகோங்கண்ணா."

"அங்க என்ன வெள்ளாமை?"

லூப்பேயிடம் கேட்டுச் சொன்னேன்: இதே மக்காச்சோளம்தான்.

"அப்பறமென்ன, நம்மூருதான்" என்று கியரை மாற்றினார். எந்த ஊர் என்ற கேள்வி இவ்வளவு சீக்கிரம் முடிந்து நான் பார்த்ததில்லை.

வீட்டில் அம்மா களியும் கொள்ளுக் குழம்பும் செய்து வைத்திருந்தார். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுப்பதற்குள் லூப்பே மென்று, பல்லில் ஒட்டிக்கொண்டு, பேச முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

சாப்பிட்டு முடிந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அம்மாவின் சிரிப்பு நின்றது.

"சாவுக்கா? நம்ம காட்டுப் பூவு சாமிக்குப் போறதுடா. நீ சாவுக்குன்னு சொல்லிக் கேக்கறயே."

போர்த்துகீசிய மொழியில் இந்தப் பூவுக்குப் பேரே செத்தவர் பூ என்று முந்தின நாள் படித்திருந்தேன். அந்த ஒரு பேரை மட்டும் நான் அங்கே விசாரணைக்கு எடுக்கவில்லை.

"லாரி ஏறிப்போச்சுன்னா எந்தக் கழுத்துக்குப் போவுதுன்னு உனக்குத் தெரியுமா?" என்றார் அப்பா. "போன வருசம் மைசூரு மார்க்கெட்டுக்குப் போன பூவெல்லாம் சாமி கழுத்துலயா இருந்துச்சு?"

"தெரியாமப் போறது வேற. தெரிஞ்சு குடுக்கறது வேற."

என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று லூப்பே கேட்டாள். ஒளிக்காமல் சொன்னேன். அவள் எழுந்து அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தெரிந்த கன்னடத்தில் மெதுவாகச் சொன்னாள்: "சாவுக்கு இல்லைம்மா. சாவு மார்ச்சில் முடிந்துவிட்டது. அப்பா ஊருக்கு வருகிறார்."

அம்மாவுக்குக் கன்னடம் நன்றாகவே தெரியும். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "அவங்கப்பாரு என்ன வேல பாத்தாரு?" என்று கேட்டார்.

தச்சு வேலை. கதவு, ஜன்னல், கட்டில். ஊர்விட்டு ஊர் போனதில்லை. மகள் விமானம் ஏறியபோது பஸ் நிறுத்தம் வரைதான் வந்தாராம்.

அம்மா எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் இரண்டு அரிவாள்கள் இருந்தன. ஒன்றை அப்பாவிடம் நீட்டினார்.

காட்டில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பறிக்காமல் விட்ட பூ, ஒரு விரல் இடம் விடாமல் மண்டிக் கிடந்தது. லூப்பே ஒரு இலையைக் கசக்கி முகர்ந்து அப்படியே நின்றுவிட்டாள். நாங்கள் அவளைப் பார்க்காத மாதிரி அறுக்கத் தொடங்கினோம். கையில் கொள்ளும் அளவு சேர்ந்ததும் போதும் என்று சைகை காட்டினாள்.

அப்பா நிமிர்ந்தார். "கடலு தாண்டித்தானே வரணும் அந்தப் பெரியவரு?"

"ஆமாப்பா. ரெண்டு கடல்."

"அப்பறம் இது எப்படிப் பத்தும்?" என்று மறுபடி குனிந்துகொண்டார்.

சாக்கில் சுற்றி நாலு பெரிய கட்டு ஆயிற்று. அம்மா தன் பங்குக்குக் காய்ந்த மக்காச்சோளம் ஒரு பையில் கட்டிக் கொடுத்தார். அடுத்த நாள் காலை கட்டுகளை பஸ் கூரையில் ஏற்றிவிட்டு அப்பா கீழே நின்றார். "நீங்களும் ஒரு நாள் மைசூருக்கு வாங்கப்பா" என்றேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து சொல்கிறேன். "பாக்கலாம், பாக்கலாம்" என்று அதே பதில்தான்.

கொள்ளேகாலத்தில் ஏறிய கண்டக்டர் கூரையைப் பார்த்துவிட்டு என்னிடம் தணிந்த குரலில், "யாரு தவறிப் போயிட்டாங்க சார்?" என்றார். யாரும் இல்லை என்றேன். தி. நரசிபுராவில் ஏறிய ஒரு பெரியவரும் அதையே கேட்டார். காம்பும் இலையுமாக இவ்வளவு பூவை யாரும் சந்தோஷத்துக்குக் கொண்டுபோக மாட்டார்கள் போல. எனக்குள் ஒரு சின்னப் பயம் அப்போதே எழுந்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை.

மாலைக்குள் லூப்பேயின் அறை வேறு இடமாகிவிட்டது. மேசைமேல் வெள்ளைத் துணி, அதன்மேல் அப்பாவின் படம். மீசை வைத்த மெலிந்த மனிதர், காதில் பென்சில் செருகியிருந்தார். சுற்றிலும் வாளியிலும் செம்பிலும் செண்டுமல்லிச் செடிகள். ஒரு டம்ளர் தண்ணீர், கொஞ்சம் உப்பு, மெழுகுவர்த்தி. அம்மா தந்த சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைத்து ரொட்டி தட்டினாள். சுண்ணாம்பு தெருமுனை வெற்றிலைக் கடையில் கிடைத்தது. இதற்காகத்தான் தன் ஊரில் சோளத்தோடு சுண்ணாம்பு வாங்குவார்கள் என்று அவள் சொன்னபோது கடைக்காரர் நம்பவில்லை.

"இப்போது வழி போடவேண்டும்" என்றாள்.

மிச்சமிருந்த பூக்களை உட்கார்ந்து உதிர்த்தோம். பெரிய முறம் நிறைய இதழ். நான் முறத்தைத் தூக்கிக்கொண்டு படத்தின் முன்னாலிருந்து தூவத் தொடங்கினேன். அறை வாசல், மாடிப்படி, கீழே முற்றம், கேட் என்று ஒரு பிடி ஒரு பிடியாகப் போட்டுக்கொண்டே தெருவுக்கு இறங்கினேன். கை தானாகப் போட்டது. எங்கள் ஊரில் எத்தனையோ தடவை பாடைக்கு முன்னால் நடந்து போட்டிருக்கிறேன்.

லூப்பே மேலேயிருந்து ஓடி வந்தாள். "எங்கேயிருந்து போடுகிறாய்?"

"வீட்டிலிருந்து."

"அது போகிற வழி! அப்படிப் போட்டால் அவர் போய்விடுவார். அவர் இன்னும் வரவே இல்லை."

அவள் கண் கலங்கிவிட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் வழியனுப்புகிற பூ. வரவேற்கிற பூவுக்கு என் கை பழகியிருக்கவில்லை. போட்ட இதழ்களைப் படிப்படியாகக் குனிந்து பொறுக்கினோம். பொறுக்கி முடித்து, தெருவின் விளிம்பிலிருந்து தொடங்கி, வீட்டைப் பார்த்தபடி நடந்து, கேட், முற்றம், மாடிப்படி என்று மறுபடி போட்டோம். பார்த்தால் இரண்டும் ஒரே கோடுதான்.

அந்தக் கோட்டைத்தான் கோயிலிலிருந்து திரும்பிய சாவித்திரம்மா பார்த்தார்.

தெரு முனையிலேயே கையிலிருந்த பிரசாதத் தட்டு விழுந்த சத்தம் கேட்டது. அவர் வீட்டுக்காரர் ராமண்ணா ஆறு மாதமாக இதய நோயில் படுத்திருக்கிறார். சாவித்திரம்மா செருப்பில்லாமல் ஓடி வந்தார். எதிர் வீட்டு அம்மாவும் பின்னாலேயே. "ஐயோ, என்னை விட்டு... நான் கோயிலுக்குப் போன நேரத்தில்..." என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

உள்ளேயிருந்து ராமண்ணாவின் குரல் வந்தது. "சாவித்ரி, யாரு செத்தது? எனக்கும் சொல்லு."

பிறகு எங்கள்மேல் இறங்கியது மழை. எல்லாம் கன்னடத்தில். சுமங்கலி வாசலில் பிணப்பூவா, படித்தவன்தானே நீ, உனக்குத் தெரியாதா, இப்போதே பெருக்கித் தள்ளு. அவர் கையில் துடைப்பமே வந்துவிட்டது. அவர் சொல்வது நியாயம்தான். அந்தப் பூவை அப்படிப் பார்த்தால் என் அம்மாவும் ஓடி வந்திருப்பார்.

லூப்பே துடைப்பத்தைப் பிடிக்கவில்லை. கேட்டருகே இதழ்கள்மேல் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "மன்னிச்சுக்கோங்க அம்மா. காலையில் நானே பெருக்குகிறேன். இன்றைக்கு மட்டும். அவர் முதல் தடவை வருகிறார். இந்த வீடு அவருக்குத் தெரியாது."

"யாரு வர்றாங்க?" என்றார் சாவித்திரம்மா, மூச்சு வாங்கியபடி.

சொன்னேன். பூவின் கதை, தச்சர், பஸ் நிறுத்தம், மார்ச் மாதம், எல்லாம். வழி வெளியே போகவில்லை, உள்ளே வருகிறது என்பதையும் சொன்னேன்.

"தெருவில் போகிறவனுக்கு அது எப்படித் தெரியும்?" என்றார். கோபம் தீரவில்லை, ஆனால் துடைப்பம் தாழ்ந்திருந்தது.

ராமண்ணா உள்ளேயிருந்து, "விருந்தாளி வர்ற வீட்டு வாசல் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாதா?" என்றார்.

சாவித்திரம்மா அந்த இதழ்க் கோட்டை மறுபடி பார்த்தார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்க் கோலப்பொடி டப்பாவோடு வந்தார். சாவு வீட்டில் யாரும் கோலம் போடமாட்டார்கள். அது எங்கள் ஊரிலும் அப்படித்தான், அக்ரஹாரத்திலும் அப்படித்தான். அவர் புடவையைச் சொருகிக்கொண்டு குனிந்தார். இதழ்க் கோட்டின் இரண்டு பக்கமும் புள்ளி வைத்து, கம்பி இழுத்து, தெரு விளிம்பிலிருந்து கேட் வரை கோலம் போட்டார். எதிர் வீட்டு அம்மா பார்த்துக்கொண்டே நின்றவர், "அந்தப் பக்கம் கோணுது" என்று சொல்லிவிட்டுத் தானும் ஒரு பிடி பொடி எடுத்துக்கொண்டார். முடிந்ததும் சாவித்திரம்மா கலைந்த இடத்தில் நாலு இதழைத் தன் கையாலேயே சரி செய்தார். தெருவிலிருந்து வீட்டைப் பார்த்தபடி.

"சாப்பிட என்ன செய்திருக்கிறாய் அவருக்கு?" என்று லூப்பேயிடம் கேட்டார். ரொட்டி என்றதும், "வெறும் ரொட்டியா, அவ்வளவு தூரம் வருகிறவருக்கு?" என்று தெரு முனையில் விழுந்து கிடந்த தட்டை எடுத்துவந்து, அதில் மிஞ்சியிருந்த சர்க்கரைப் பொங்கலைத் தந்தார்.

காலையில் பால்காரர் கேட்டில் சைக்கிளை நிறுத்தி, கோலத்தைத் தாண்டாமல் சுற்றி வந்தார். "என்னம்மா விசேஷம்? யாரு வந்திருக்காங்க?"

"மாடி வீட்டுப் பெண்ணோட அப்பா" என்றார் சாவித்திரம்மா பாத்திரத்தை நீட்டியபடி. "ராத்திரி வந்தார்."

மாடியில் லூப்பே தூங்கிக்கொண்டிருந்தாள். டம்ளரில் தண்ணீர் ஒரு விரல் குறைந்திருந்தது. மெழுகுவர்த்திச் சூட்டில் குறைந்திருக்கும். நான் அதை அவளிடம் சொல்லப்போவதில்லை.

அலுவலகத்துக்குக் கிளம்பும்போது அப்பாவிடமிருந்து போன். டிராக்டர் சத்தம் பின்னணியில் கேட்டது. ஒரு நாள் தாமதமாகக் காட்டை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மிணியோட அப்பாரு வந்து சேந்தாரா?"

"சேந்துட்டாருப்பா."

"பூவு மிஞ்சுச்சா?"

முற்றத்தைப் பார்த்தேன். முறம் காலியாக இருந்தது.

"ஒண்ணும் மிஞ்சலப்பா."

"நான்தான் சொன்னனே" என்றார் அப்பா. பிறகு கேட்டார். "அந்த மைசூரு போற பஸ்ஸு காலைல எத்தனை மணிக்கு நம்மூருக்கு வரும்னு சொன்ன?"